பாதியில் நின்ற கோப்ரா பிரதி: வாங்கி முடிப்பதா, புதிய கிட்டில் தொடங்குவதா?

கேள்வி: லெஸ்டரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக மனதில் கிடந்த ஒரு வேலையை இந்தக் கோடைக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று இருக்கிறேன். வீட்டோடு ஒட்டிய கராஜில், என் கையாலேயே, ஏ.சி. கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பிரதி ஒன்றைக் கட்டி, முறையாகப் பதிவு செய்து ஓட்ட வேண்டும் என்பதே அது. அசல் கோப்ரா 1962 முதல் 1967 வரை ஏறத்தாழ ஆயிரம்தான் செய்யப்பட்டது என்பதால், அதை வாங்குவது என்னைப் போன்ற சம்பளக்காரனின் கணக்கில் வராது. ஆனாலும் அகன்ற சக்கர வளைவுகளும், கதவுக்குக் கீழே பக்கவாட்டில் நீளும் புகைக்குழாய்களும் கொண்ட அந்த வடிவத்தைத் தவிர வேறெந்தக் காரிலும் என் மனம் ஒட்டவில்லை.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில், பாதி கட்டிய கிட் (வீட்டில் பொருத்திக் காராக்கும் பாகங்களின் தொகுப்பு) ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. உரிமையாளர் 2008-ல் வாங்கி, மூன்று ஆண்டுகள் வேலை செய்து, பிறகு உடல்நலம் குன்றியதால் நிறுத்திவிட்டார். எஃகுச் சேஸிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் ஃபைபர்கிளாஸ் பாடி ஏற்றப்பட்டிருக்கிறது, முன்னும் பின்னும் பழைய ஜாகுவாரின் சஸ்பென்ஷன் பொருத்தப்பட்டிருக்கிறது, ரோவர் 3.5 லிட்டர் வி8 இஞ்சின் தனியே ஒரு தாங்கியில் நிற்கிறது. மீதி எல்லாம் பதினொரு அட்டைப் பெட்டிகளில் இருக்கிறது. ஒயரிங் வேலையில் யாரும் கை வைக்கவே இல்லை. அவர் கேட்கும் விலை, அதே வகைக் கிட்டைப் புதிதாக வாங்கினால் ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

யாழ்ப்பாணத்தில் அப்பாவின் ஏ40 காரின் கீழே படுத்துத்தான் ஸ்பேனர் பிடிக்கப் பழகினேன். இங்கு வந்த பிறகும் பிரேக், கிளட்ச், ஒருமுறை ஹெட் கேஸ்கட் வரை வீட்டு வண்டிகளில் நானே மாற்றியிருக்கிறேன். வெல்டிங் தெரியாது. வாரத்தில் எட்டு மணி நேரம் ஒதுக்க முடியும். விசயம் தெரிந்த ஒருவரோ, முதல் முறை கட்டுகிறவர் அடுத்தவர் கைவிட்டதை எடுக்கக் கூடாது, கேட்டர்ஹாம் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் கிட்டைப் புதிதாக வாங்குவதே பாதுகாப்பு என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவும் தோன்றுகிறது, விட்டுவிடவும் மனம் வரவில்லை.

வருகிற சனிக்கிழமை நேரில் பார்க்கப் போகிறேன். அங்கே எதை எதைப் பார்க்க வேண்டும், எது இருந்தால் திரும்பிவிட வேண்டும் என்பதை, கட்டி முடித்தவர்கள் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: குரோய்டனிலிருந்து

ஐயா, நானும் ஜாகுவார் பாகங்களையும் ரோவர் வி8 இஞ்சினையும் வைத்து இதே வகைப் பிரதி ஒன்றைக் கட்டியவன். நான்கு ஆண்டும் இரண்டு மாதமும் ஆயிற்று. ஆகவே சனிக்கிழமை நீங்கள் அந்தக் கராஜின் கதவைத் திறந்ததும் எங்கே பார்ப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். பாடியைத்தான் பார்ப்பீர்கள். தயவுசெய்து அதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் காகிதங்களைக் கேளுங்கள்.

இந்த நாட்டில் வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர வேண்டுமானால், முதலில் ஐ.வி.ஏ. என்ற தனி வாகனச் சோதனையில் தேற வேண்டும், பிறகு டி.வி.எல்.ஏ. என்ற வாகனப் பதிவு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அந்தச் சோதனைக்கு 'சொந்த உபயோகத்துக்காகத் தொழில்முறையல்லாதவர் கட்டிய வாகனம்' என்ற வகையில் விண்ணப்பிக்கும்போது, உண்மையாகவே வீட்டில்தான் கட்டப்பட்டது என்பதற்கு வேலை நடந்த காலத்துப் புகைப்படங்களும் ரசீதுகளும் தேவைப்படும். உங்கள் விசயத்தில் முதல் மூன்று ஆண்டு வேலை இன்னொருவர் செய்தது. அவர் எடுத்த படங்கள் அவரிடமிருந்து உங்கள் கைக்கு வந்தால்தான் கதை தொடர்ச்சியாக இருக்கும். அவற்றை விலை பேசும் முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள். பணம் கைமாறிய பிறகு பரணில் தேடித் தருவதாகச் சொன்ன எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது, சஸ்பென்ஷன் கழற்றப்பட்ட அந்த ஜாகுவாரின் பதிவுச் சான்று. டோனர் என்று நாம் சொல்லும் அந்தப் பழைய காரின் அடையாளத்தை நிறுவ முடியாமல் போனால், பாகங்களின் வயதும் மூலமும் தெரியாத வாகனங்களுக்குத் தரப்படும் கியூ எழுத்தில் தொடங்கும் எண் பலகைதான் கிடைக்கும். கியூ பலகையோடு கார் ஓட்டுவதில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை மறைத்து விருப்ப எண்ணைப் பொருத்த முடியாது, பின்னாளில் விற்கும்போது விலையும் இறங்கும். உங்களுக்கு அது பெரிதல்ல என்றால் விட்டுவிடலாம். பெரிது என்றால் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். சேஸிஸில் எண் அடிக்கப்பட்டிருக்கிறதா, அந்த எண் கிட் வாங்கிய ரசீதில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் கோட்டிங் தடித்துப் போய் எழுத்து மறைந்திருக்கலாம், விரலால் தடவினால் தெரியும்.

இனி இரும்பு வேலை. ஜாகுவாரின் பின் சஸ்பென்ஷன் எந்த மாடலிலிருந்து வந்தது என்று கேளுங்கள். எக்ஸ்.ஜே.6 மூன்றாம் வரிசை வரையிலான கார்களில் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்துக்கு அருகில் இல்லாமல், நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். 1986-ல் வந்த எக்ஸ்.ஜே.40-ல் அவை சக்கரப் பக்கம் வந்துவிட்டன. நடுவில் உள்ள வகையாக இருந்தால், பாடியை ஏற்றிய பிறகு காலிப்பரையோ கைப் பிரேக்கையோ தொடுவது பெரும்பாடு. 2011-லிருந்து அசையாமல் நின்ற வண்டியில் காலிப்பர் பிஸ்டன்கள் பிடித்துப் போயிருக்கும், ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 'பாடி ஏற்றியாயிற்று' என்பதை ஒரு முன்னேற்றமாக விலையில் சேர்க்க விடாதீர்கள். நீங்கள் வாங்கினால் செய்ய வேண்டிய முதல் வேலையே அந்தப் பாடியை இறக்குவதுதான்.

டயர்களின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். எத்தனை அழகாகப் பட்டை தேயாமல் இருந்தாலும் அந்த வயதுள்ள டயர் குப்பைக்குத்தான். எரிபொருள் குழாய்கள், பிரேக் ஹோஸ்கள், சஸ்பென்ஷன் புஷ்கள் எல்லாவற்றுக்கும் இதே கணக்கைப் போடுங்கள்.

இஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. அது அமெரிக்க ப்யூக் நிறுவனம் உருவாக்கிய 215 கன அங்குல அலுமினிய இஞ்சின். ரோவர் 1965-ல் அதன் உரிமையைப் பெற்றுத் தன் கார்களுக்கு எடுத்துக்கொண்டது. எடை குறைந்தது, எளிமையானது, உதிரிப் பாகம் இன்றும் கிடைப்பது. ஆயினும் கேம்ஷாஃப்ட் தேய்வது அதன் பழைய நோய். சனிக்கிழமை ஒரு சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும் எடுத்துப் போய், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க்ஷாஃப்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்றினால் நல்லது. சுற்றவில்லையென்றால் அதை இரும்பு விலைக்கே எண்ணுங்கள். சுற்றினாலும், பல ஆண்டு கிடந்த இஞ்சினை அப்படியே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் பம்ப் வறண்டிருக்கும், தானாக ஆயிலை இழுக்காது. நான் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, அந்தத் துளை வழியாகப் பம்பின் தண்டை டிரில் மெஷினால் சுற்றினேன். ஆயில் பிடித்ததும் டிரில்லின் சத்தம் சட்டென்று கனத்து மாறியதைக் கையிலேயே உணர முடிந்தது. பிரஷர் கேஜின் முள் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு போனேன்.

மறுமொழி: மில்டன் கீன்ஸிலிருந்து

ஒயரிங் தொடங்கப்படவில்லை என்பதை நீங்கள் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் தொழில்முறை மின்பணியாளர். என்னைக் கேட்டால் அந்த வண்டியில் நடந்த மிக நல்ல விசயம் அதுதான். இன்னொருவர் பாதியில் விட்ட ஒயரிங்கைப் புரிந்துகொள்வதைவிட, புதிய ஹார்னஸை (வண்டி முழுவதற்குமான ஒயர்க் கட்டை) விரித்துப் போடுவது எவ்வளவோ எளிது.

ஆனால் சாதாரணக் காரில் பழகியவர்கள் ஃபைபர்கிளாஸ் பாடியில் தவறும் இடம் ஒன்று உண்டு. தகர பாடியில் விளக்கின் உலோகக் கூடு பாடியைத் தொட்டாலே எர்த் கிடைத்துவிடும். ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும், ஒவ்வொரு மீட்டருக்கும், வைப்பர் மோட்டாருக்கும், எரிபொருள் அளவு காட்டும் மிதவைக்கும்கூடத் தனி எர்த் ஒயர் சேஸிஸ் வரை வர வேண்டும். அது வந்து சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பைக் காட்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, பிறகு கிரீஸ் பூச வேண்டும். நண்பர் ஒருவரின் பிரதியில் இடது இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கும். ஒரு மாலை முழுவதும் சுவிட்சுகளையும் ரிலேக்களையும் மாற்றிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தபோது, பூச்சியமாக இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வோல்ட் காட்டியது. போல்ட் இறுக்கமாகவே இருந்தது. அதன் அடியில் பவுடர் கோட்டிங் அப்படியே இருந்தது. எர்த் கிடைக்காத மின்னோட்டம் அடுத்த பல்பின் இழை வழியாகத் திரும்பிப் போயிருக்கிறது.

ஐ.வி.ஏ. சோதனையில் ஒயர்கள் தொங்காமல் 300 மில்லிமீட்டருக்கு ஒரு பிடியாவது போட்டுக் கட்டியிருக்க வேண்டும், கூர்மையான துளைகளில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும் என்றெல்லாம் பார்ப்பார்கள். அதைச் சோதனைக்காக என்று நினைக்காமல் உங்களுக்காகச் செய்யுங்கள். சூடான புகைக்குழாய் உங்கள் காலுக்கு அருகிலேயே ஓடும் வண்டி இது; உரசிக் காப்புறை கிழிந்த ஒரு ஒயர் அங்கே போதும். பாடியை இறக்கினால், சேஸிஸின் மேல் ஹார்னஸை வெறும் பிடிகளோடு ஒருமுறை படுக்க வைத்து அளவு பாருங்கள். பின்னால் மூடிய பிறகு கையே நுழையாத இடங்கள் எவை என்பது அப்போதுதான் தெரியும்.

மறுமொழி: சறே மாவட்டத்திலிருந்து

நான் செவன் கட்டியவன். உங்களுக்கு அறிவுரை சொன்ன நண்பரின் பக்கத்தையும் யாராவது முறையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

செவன் பிறந்ததே வீட்டில் கட்டப்படுவதற்காகத்தான். லோட்டஸ் நிறுவனர் கோலின் சாப்மன் 1957-ல் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்தபோது, முழுக் காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி, பாகங்களாக வாங்குகிறவர்களுக்கு இல்லை. வரிச் சலுகை வேண்டுமானால் பொருத்தும் முறை விளக்கத்தைக் கிட்டோடு தரக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்ததாகவும், அதனால் லோட்டஸ் கழற்றும் முறை விளக்கத்தைத் தந்து, அதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னதாகவும் செவன்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்த ஆதாயம் போயிற்று. அதே ஆண்டில் உரிமை கேட்டர்ஹாமின் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கார் நிற்காமல் செய்யப்பட்டு வருகிறது. இதனால் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. அலுமினியத் தகடுகள் ரிவெட் அடிக்கப்பட்ட நிலையிலேயே சேஸிஸ் வந்து இறங்கும், வெல்டிங் தேவையில்லை. எந்த போல்ட் எந்தப் பையில் இருக்கிறது என்பது எழுதியிருக்கும். ஒரு சந்தேகம் வந்தால் அதே சந்தேகம் முன்பே வந்த ஆயிரம் பேர் இருப்பார்கள்.

எளிது என்றால் யோசிக்காமல் செய்யலாம் என்று பொருளல்ல. டிஃபரன்ஷியலை ஏற்றிய நாளை நான் மறக்க மாட்டேன். ஒரு நீண்ட போல்ட்டை சேஸிஸின் காதுகள் வழியாக விட்டு, அது வண்டியின் நடுக்கோட்டில் சரியாக நிற்கும்படி இரண்டு பக்கமும் வாஷர்களை வைத்து இடைவெளியை நிரப்ப வேண்டும். கனமான இரும்புக் கட்டி ஜாக்கின் மேல் ஆட, விரல் நுனியில் கிரீஸ் தடவி அதில் ஒட்ட வைத்த ஒற்றை வாஷரை அந்த இடுக்கில் செருக வேண்டும். ஏழு முறை விழுந்தது. எட்டாவது முறை மகளின் சின்ன விரல்கள்தான் உள்ளே போயின.

உங்கள் கராஜின் அளவைச் சொல்லவில்லை. செவன் 3.1 மீட்டர் நீளம், 1.58 மீட்டருக்குள் அகலம். கோப்ராவின் 427 என்ற அகன்ற வடிவம் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் 1.73 மீட்டர் அகலமும் கொண்டது. இந்த நாட்டுப் பழைய ஒற்றைக் கராஜ்களில் அகலம் இரண்டரை மீட்டரைத் தாண்டுவது அரிது. அதில் கோப்ராவை நிறுத்தினால் ஒரு பக்கம் நாற்பது சென்டிமீட்டர்கூட மிஞ்சாது. இறக்கிய பாடியை வைக்க இன்னொரு இடமும் வேண்டும். இதை வீட்டாரோடு இப்போதே பேசிவிடுவது நல்லது.

இத்தனையும் சொன்ன பிறகு நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும். செவன் கோப்ராவின் இடத்தை நிரப்பாது. உங்கள் மனம் அந்த வடிவத்திலேயே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் செவனைக் கட்டி முடித்த மறுநாளே நீங்கள் கோப்ரா தேடுவீர்கள். கட்டும் வேலையையே விரும்புகிறீர்களா, அந்தக் காரையே விரும்புகிறீர்களா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது என்றால் செவன், இரண்டாவது என்றால் குரோய்டன் நண்பர் சொன்னபடி காகிதம் பார்த்து கோப்ரா.

கேள்வி கேட்டவர், சனிக்கிழமை இரவு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே பார்த்தேன்.

உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டியவர், மிகவும் ஒழுங்கான மனிதர். காகிதம் என்று கேட்டதும் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். 2008-ன் கிட் ரசீது, சேஸிஸ் எண்ணோடு. ஒவ்வொரு போல்ட் வாங்கிய துண்டுச் சீட்டும் ஆண்டு வாரியாகக் கட்டப்பட்டு. பின்புறம் தேதி எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட அச்சிட்ட படங்கள். பலவற்றில் அவரே கையில் கருவியோடு நிற்கிறார். சேஸிஸ் எண்ணைத் தடவித்தான் படித்தேன், ஒத்துப்போகிறது. ஜாகுவாரின் பதிவுச் சான்று மட்டும் இல்லை, அந்தக் காரின் எண்ணும் அவருக்கு நினைவில்லை. கியூ பலகை எனக்குப் பெரிய குறையல்ல; இதை நான் விற்பதற்காகக் கட்டவில்லை.

பின் பிரேக் டிஸ்க்குகள் நடுவில் உள்ள வகைதான். கைப் பிரேக் நெம்புகோலை இழுத்தேன், ஒன்றும் அசையவில்லை. டயர்களில் 3108 என்று இருந்தது. இஞ்சின் இரண்டு சுற்றும் சீராகச் சுற்றியது. பெட்டிகளில் ஒன்பதைத் திறந்து பார்த்தோம். கண்ணாடிச் சட்டத்தின் ஒரு பக்கத் தூணைக் காணவில்லை, மற்றவை பெரும்பாலும் இருக்கின்றன. கராஜ் 2.6 மீட்டர் அகலம். பாடியை வைக்கத் தோட்டத்தில் ஒரு கூடாரம் போட மனைவி சம்மதித்திருக்கிறார்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. கிட்டோடு வந்த கையேட்டில் எல்லா இடத்திலும் எஸ்.வி.ஏ. சோதனை என்றே எழுதியிருக்கிறது. ஐ.வி.ஏ. பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மறுமொழி: குரோய்டனிலிருந்து

அந்தத் தகரப் பெட்டி அந்த வண்டியிலேயே விலைமதிப்புள்ள பாகம். வாங்கலாம் என்பது என் கருத்து, ஆனால் அவர் கேட்கும் விலைக்கல்ல. பின் பிரேக் முழுவதும், ஐந்து டயர், எல்லா ரப்பர் பாகங்களும், கண்ணாடித் தூண் ஆகியவற்றுக்கான விலையைக் கடைகளில் கேட்டு எழுதி, அந்தத் தாளை அவரிடம் காட்டிப் பேசுங்கள். இத்தனை ஒழுங்கானவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கையேட்டில் எஸ்.வி.ஏ. என்று இருப்பதற்குக் காரணம் எளிது. 1998-ல் வந்த எஸ்.வி.ஏ. முறையின் இடத்தை 2009-ல் ஐ.வி.ஏ. பிடித்தது, உங்கள் கிட் அதற்கு ஓராண்டு முந்தியது. ஆகவே சட்டத்தைப் பற்றி அந்தப் பழைய கையேடு சொல்வதை நம்ப வேண்டாம். ஐ.வி.ஏ. சோதனையாளர்கள் பயன்படுத்தும் கையேடே அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்சிட்டுக் கராஜில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் பொருத்தும் முன் அதற்குரிய பக்கத்தைப் படியுங்கள். பொருத்திய பிறகு படித்தால் இரண்டு முறை வேலை.

கோப்ரா வடிவத்தில் அதிகம் சிக்குவது வெளிப்புற விளிம்புகள். நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்தை வண்டியின் மேல் உருட்டினால் அது தொடக் கூடிய எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்தின் தூண்கள், பானட்டின் காற்றுவாய், பெட்ரோல் மூடியின் நெம்புகோல், புகைக்குழாயின் முனை என்று இந்தக் காரின் அழகான பகுதிகள் எல்லாமே அந்தப் பந்துக்கு எட்டும். நானும் மகனும் ஒரு பிளாஸ்டிக் பந்தை நீலச் சுண்ணாம்பில் புரட்டி வண்டி முழுவதும் உருட்டினோம். நீலம் பட்ட இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அரம் போட்டோம், அல்லது ரப்பர் விளிம்புப் பட்டை ஒட்டினோம். டாஷ்போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பாணிச் சுவிட்சுகளும் உட்புற விதியில் சிக்கும். பொருத்தும் முன்பே பாருங்கள்.

அப்படியும் முதல் முறை நான் தேறவில்லை. காரணம் ஸ்டீயரிங். சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பி மெதுவாக ஓட்டிக்கொண்டே கையை எடுத்தால் அது தானாக நடுவுக்குத் திரும்ப முயல வேண்டும்; என் வண்டியில் அது திருப்பிய இடத்திலேயே சோம்பலாக நின்றது. தவறு முழுக்க என்னுடையது. முன் சக்கரத்தின் காஸ்டர் கோணத்தை (திருப்பும் அச்சின் முன்பின் சாய்வை) நூல் கட்டிக் குத்துமதிப்பாக வைத்திருந்தேன். நான்கு சக்கர அலைன்மென்ட் கடையில் கோணத்தைக் கூட்டி, இரு பக்கமும் சமமாக்கிக் கொண்டுபோனபோது மறுசோதனை சில நிமிடங்களில் முடிந்தது. சோதனைக்கு முன் ஆளில்லாத வாகன நிறுத்துமிடம் ஒன்றில் இதை நீங்களே செய்து பார்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். பதிவாகாத வண்டியைத் தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடுதான் ஓட்ட முடியும்.

ஒலி வரம்பு 99 டெசிபல். பக்கவாட்டுக் குழாய்கள் அதைத் தாண்டுவது வழக்கம், உள்ளே தடுப்புக் கூம்பு வைக்க இடமுள்ள குழாயாக வாங்குங்கள். அந்தக் குழாயின் மேல் வெப்பத் தடுப்பும் போட வேண்டும். இறங்கும்போது காலைச் சுட்டுக்கொள்ளாத கோப்ராக்காரரை நான் பார்த்ததில்லை.

மறுமொழி: பர்மிங்காமிலிருந்து

இத்தனை சிரமப்பட்டு நாற்பது ஆண்டுப் பழைய ரோவர் இஞ்சினை ஏன் போட வேண்டும்? பாடியை இறக்குவதுதான் இறக்குகிறீர்கள், அதோடு செவ்ரலேயின் எல்.எஸ். வி8 ஒன்றைப் போட்டுவிட்டால் சக்தியும் கிடைக்கும், நம்பிக்கையும் கிடைக்கும்.

மறுமொழி: குரோய்டனிலிருந்து

எல்.எஸ். நல்ல இஞ்சின்தான், புதிய கிட்டுகள் பல அதற்கென்றே வருகின்றன. இந்தச் சேஸிஸ் ரோவருக்காக வெல்டிங் செய்யப்பட்டது. இஞ்சின் தாங்கிகள், கியர் பாக்ஸ் குறுக்குச் சட்டம், புகைக்குழாய் வெளிவரும் துளை, ரேடியேட்டர், எரிபொருள் பம்ப், ஒயரிங் எல்லாமே மாற வேண்டும். நண்பருக்கு வெல்டிங் தெரியாது. இஞ்சின் பழையது என்பதில் ஓர் அனுகூலமும் உண்டு. அதன் வயதைச் சான்றோடு காட்டினால், புகைச் சோதனையில் அந்தக் காலத்து வரம்பே பார்க்கப்படும். முதல் வண்டியில் ஒரு திட்டத்தை நடுவில் மாற்றினால் அது இன்னொரு பாதி வண்டியாகத்தான் நிற்கும்.

கேள்வி கேட்டவர், இரண்டு வாரம் கழித்து

வாங்கிவிட்டேன். தாளில் எழுதியதைக் காட்டியதும் உரிமையாளர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு வரிக்கு வரி படித்து, டயர் விலையை மட்டும் திருத்தி, மீதியை ஏற்றுக்கொண்டார். இஞ்சின் ரோவரேதான். வண்டி நேற்று டிரெய்லரில் வந்து சேர்ந்தது. வீட்டுக் காப்பீட்டில் இது அடங்காது என்று சொல்லிவிட்டதால், கட்டும் காலத்துக்கான தனிக் காப்பீடும் எடுத்தாயிற்று. ஜாகுவாரின் படங்களைத் திரும்பவும் புரட்டியபோது, 2009-ல் எடுத்த ஒன்றில் பின்னணியில் அந்தக் காரின் எண் பலகை பாதி தெரிகிறது. அதைத் தொடர்ந்து தேட முயல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேராகப் பாடியை இறக்கப் போகிறோம். எங்கே பிடித்துத் தூக்க வேண்டும், கூடாரத்தில் எப்படி வைக்க வேண்டும் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி: குரோய்டனிலிருந்து

முதலில் பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளை எண்ணி, படத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தின் கீழ் இரண்டு ஒளிந்திருக்கும், அவற்றை மறந்து தூக்கினால் அந்த இடத்தில் ஃபைபர்கிளாஸ் கீறிவிடும். கதவுகளையும் பானட்டையும் பூட் மூடியையும் கழற்றி விடுங்கள். கதவில்லாத பாடி நடுவில் மடங்கப் பார்க்கும் என்பதால், கதவு வாயின் குறுக்கே இரு பக்கமும் ஒரு மரச் சட்டத்தை போல்ட் போட்டு நிறுத்திய பிறகே தூக்குங்கள். இரண்டு பேர் முன் சக்கர வளைவிலும் இரண்டு பேர் பின் சக்கர வளைவிலும் பிடியுங்கள். மூக்குப் பகுதியின் மெல்லிய உதட்டை யாரும் பிடிக்க வேண்டாம். கூடாரத்தில் தரையில் வைக்காமல், சேஸிஸில் உட்காரும் அதே புள்ளிகள் தாங்கும்படி மரத்தில் ஒரு தொட்டில் செய்து அதன் மேல் வையுங்கள். மாதக்கணக்கில் கோணலாகக் கிடந்தால் அது அந்தக் கோணலிலேயே நின்றுவிடும், பிறகு கதவு இடைவெளி ஒருநாளும் சரியாக வராது. தூக்கும் முன், நான்கு பக்கமும் நின்று படம் எடுத்துத் தேதி எழுதித் தகரப் பெட்டியில் போடுங்கள்.